தஞ்சாவூர் கிட்டி: மூன்று போகம் வைத்துப் பார்த்ததில்

வயலில் எலி பிடிக்கும் மூங்கில் பொறியான கிட்டி நாற்பது வாங்கினேன், ஒன்று 80 ரூபாய், மொத்தம் 3,200. பேரம் பேசிப் பார்த்தேன், ஐந்து ரூபாய்கூடக் குறையவில்லை. "ஒரு மூங்கில்ல எத்தன கிட்டி வரும்னு நீங்களே எண்ணிப் பாத்துக்குங்க டீச்சர்" என்றார் செய்கிறவர். எண்ணத் தெரியாததால் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நீடாமங்கலம் பக்கம் எனக்கு மூன்று ஏக்கர். அப்பா விட்டுப்போனது. கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்ற பிறகுதான் அதில் நானே இறங்கினேன். நான் முனைவர் பட்டம் வாங்கியதே எலிகளை வைத்துத்தான் என்பதால், ஊரில் யார் வயலில் எலி வெட்டினாலும் என்னிடம் வந்து கேட்பார்கள். என் வயலிலேயே எலி வெட்டியபோது கேலிக்கும் ஆளானேன். அந்த வருடம் சி.ஆர். 1009 சப் 1 என்ற நெல் ரகம் போட்டிருந்தேன். தூர் கட்டி முடித்துப் பொதிக்கு வரும் நேரம். நடு வயலில் வட்டமாக ஓர் இடம் வெளுத்துக் கிடந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் ஒவ்வொரு தூரும் கத்தியால் சீவியதுபோலச் சாய்வாக வெட்டுப்பட்டிருந்தது. வரப்போரத்தில் உள்ள பயிரைத் தொட்டிருக்கவே இல்லை. வயல் எலியின் வழக்கம் அது. ஓரத்தை விட்டுவிட்டு உள்ளே போய் வெட்டும், வரப்பிலிருந்து பார்க்கும் நமக்கு எல்லாம் நன்றாக இருப்பதுபோலத் தெரியும்.

இனி பொருளுக்கு வருகிறேன். கிட்டி என்பது மூங்கில் பிளாச்சை வில்லாக வளைத்துக் கயிறு பூட்டிய பொறி. கயிற்று வளையத்துக்கு அப்பால் இரை இருக்கும். எலி அதற்குள் தலையை நீட்டி இரையை இழுத்ததும் சின்னக் குச்சித் தாழ் நழுவும், வில் நிமிரும், கயிறு கழுத்தை நெரிக்கும். ஆணி, ஸ்பிரிங், இரும்பு எதுவும் கிடையாது. முன்பு பனைநார், இப்போது நைலான். என் ஆராய்ச்சிக் காலத்தில் மடக்கி விரிக்கும் அலுமினியப் பெட்டிப்பொறிகள் வைத்திருந்தேன். எலி உள்ளே போனதும் கதவு மூடிக்கொள்ளும், உயிரோடு பிடித்து எடை பார்த்து அடையாளமிட்டு விடலாம். ஆராய்ச்சிக்கு அதைப்போல ஒன்று இல்லை. ஆனால் வயலைக் காப்பாற்ற அது உதவாது. பிடித்ததை எங்கே கொண்டுபோய் விடுவீர்கள், அடுத்தவர் வயலிலா?

கிட்டியை வாங்கினால் போதாது, வைக்கத் தெரிந்த ஆள் வேண்டும். இது எனக்குக் கொஞ்சம் அவமானத்தோடு புரிந்தது. முதல் நாள் நானே வைத்தேன். என் பழைய செய்முறைப்படி வறுத்த தேங்காய்ச் சில்லும் கருவாடும் இரை. காலையில் நாற்பது கிட்டியில் ஒரே ஒரு மூஞ்சூறும் இரண்டு வயல் நண்டும். இன்னொன்றைப் பூட்டும்போது வில் நிமிர்ந்து என் கட்டைவிரலில் அடித்தது வேறு.

மறுநாள் கிட்டிக்காரரை வரச்சொன்னேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்தவர் கிட்டியைத் தொடவே இல்லை. அரை மணி நேரம் வரப்பில் குந்தி குந்தி நடந்தார். ஓரிடத்தில் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ஈரச் சேற்றில் இரண்டு வரிசையாகப் புள்ளி புள்ளியாகக் கால் தடம், நடுவில் நூல் இழுத்ததுபோல ஒரு கோடு. "இது வாலு. கோடு நடுவுல நேரா போனா எலி அவசரமில்லாம போவுது, தெனம் போற பாதை. கோடு அங்கயும் இங்கயும் போனா மிரண்டு ஓடினது, அங்க வெச்சு புண்ணியமில்ல." முப்பது வருடம் பாடம் நடத்தியும் வால் கோட்டை இப்படி யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. அப்புறம் வளைகளைப் பார்த்தார். வாயைப் புதுமண் போட்டு அடைத்திருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். இது எனக்கும் தெரியும். வயல் எலிக்கு வளை வாயை அடைத்துக்கொள்ளும் பழக்கம் உண்டு. கருவாட்டையெல்லாம் தூக்கி எறிந்துவிட்டு நெற்பொரியை இரையாக வைத்தார்.

அந்த இரவு 17. அடுத்த இரவு 9, மூன்றாம் இரவு 4. மொத்தம் 30. ஒவ்வொரு இரவும் ஏறக்குறையப் பாதியாக இறங்குகிறது என்று வைத்துக்கொண்டு கூட்டிப் பார்த்தால் பொறிக்கு வரக்கூடிய எலிகள் மொத்தமே முப்பத்துநாலு சுமார். ஆக மிச்சம் நாலு. காகிதத்தில் இந்தக் கணக்கைப் போட்டபோது எனக்கு உண்டான சந்தோஷத்தை வீட்டில் யாரும் பகிர்ந்துகொள்ளவில்லை. முப்பதில் 22 வயல் எலி, 7 புல் எலி, 1 மூஞ்சூறு. என் கிட்டி என்பதால் எலிக்கு 25 ரூபாய் கூலி. அவர் கிட்டியே கொண்டுவந்தால் 40. 750 ரூபாயும் மூன்று நாள் டீயும். அந்த வட்டத்துக்கு மேல் வெட்டு பரவவில்லை.

நியாயமாகப் பார்த்தால் உரக்கடையில் விற்கும் எலி கேக்கோடு ஒப்பிட்டுத்தான் கிட்டிக்கு மதிப்பெண் போட வேண்டும். ஊரில் பாதிப்பேர் அதைத்தான் வைக்கிறார்கள். மெழுகில் செய்த நீலக் கட்டி, அதில் ப்ரோமடியோலோன் என்ற விஷம் 0.005 விழுக்காடு. உடைத்து வளை வாயில் போட்டுவிட்டு வந்துவிடலாம். ஆள் தேட வேண்டாம், சாயங்காலம் குந்தி நடக்க வேண்டாம். வேலை செய்கிறதா என்றால், செய்கிறது, மிக நன்றாகவே செய்கிறது. பழைய ஜிங்க் பாஸ்பைடு என்றால் எலி கொஞ்சம் தின்று வயிற்றைப் பிசைந்ததும் உஷாராகிவிடும், அதன்பின் அந்த இரையைத் தொடாது. அதற்காகவே இரண்டு நாள் விஷம் கலக்காத இரை வைத்துப் பழக்க வேண்டும். கேக்கு அப்படியில்லை. தின்ற எலிக்கு அன்றைக்கு ஒன்றும் ஆகாது, மறுநாளும் வந்து தின்னும். நாலைந்து நாள் கழித்துத்தான் உள்ளுக்குள் ரத்தம் கசிந்து சாகும்.

இந்த விஷயத்தில் எனக்குச் சொந்த அனுபவம் ஒன்று உண்டு. இதயத்தில் உலோக வால்வு பொருத்திப் பதினோரு வருடமாகிறது. ரத்தம் கட்டிவிடாமல் இருக்கத் தினமும் ராத்திரி வார்ஃபரின் மாத்திரை. அதுவும் எலி மருந்துதான், கேக்கில் இருப்பதற்குப் பெரியப்பா முறை. 1933 பிப்ரவரியில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு விவசாயி பனிப்புயலுக்கு நடுவே செத்த கிடேரி ஒன்றையும் பால் கேன் நிறைய உறையாத ரத்தத்தையும் பல்கலைக்கழகத்துக்கு ஏற்றிக்கொண்டு வந்தார். கார்ல் பால் லிங்க் என்ற வேதியியலாளரின் ஆய்வகத்தில் போய் நின்றார். பூஞ்சை பிடித்த தீவனத்தைத் தின்று மாடுகள் ரத்தம் கசிந்து செத்துக்கொண்டிருந்தன. அந்தத் தீவனத்தில் என்ன இருக்கிறது என்று தோண்டப்போய்க் கடைசியில் கிடைத்ததுதான் வார்ஃபரின். 1948-இல் எலிக்கு, 1950-களில் மனிதனுக்கு. ரத்தம் உறைவதற்கான சில புரதங்களைக் கல்லீரல் செய்வதற்கு வைட்டமின் கே வேண்டும். ஒருமுறை பயன்பட்ட வைட்டமின் கே-யை உடம்பு புதுப்பித்து மறுபடி பயன்படுத்தும். அந்தப் புதுப்பிக்கும் வேலையை இந்த மருந்துகள் நிறுத்திவிடும். எனக்கு மாதாமாதம் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்பதற்கான அளவு) பார்த்து 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில் வைத்திருக்கிறார்கள். ஒருமுறை அது ஏடாகூடமாக ஏறி, பல் தேய்த்தால் ஈறில் ரத்தம் நிற்காமல் இரண்டு நாள் இருந்தேன். எலிக்கு ஐ.என்.ஆர். பார்ப்பார் யாருமில்லை.

வார்ஃபரினைவிட ப்ரோமடியோலோன் பல மடங்கு வீரியம். அதைவிட முக்கியம், அது கல்லீரலில் மாதக்கணக்கில் தங்கும். ஆக, கேக்கு தின்ற எலி சாவதற்கு முன் உள்ள அந்த நாலைந்து நாளில், தன்னைக் கொல்லத் தேவையானதைவிட அதிகமான மருந்தைச் சுமந்துகொண்டு, மந்தமாக, சில நேரம் பட்டப்பகலிலும் திரியும். எலி பிடிக்கும் எதற்கும் அதைவிடச் சுலபமான இரை கிடைக்காது.

இப்படி எலி நடமாடும் மருந்துப் பொட்டலமாவதைப் பற்றி நான் முதலில் படித்தது இங்கிலாந்துச் சங்கதி. அங்கே கேம்பிரிட்ஜ் பக்கம் மாங்க்ஸ் வுட் என்றோர் ஆய்வு நிலையம் இருந்தது. 1950-களின் பின்பாதியில் அந்த நாட்டு விவசாயிகள் விதைக் கோதுமையை டீல்ட்ரின் போன்ற பூச்சி மருந்துகளில் புரட்டி விதைக்க ஆரம்பித்தார்கள். விதையைப் பொறுக்கித் தின்ற புறாக்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. 1959–60 குளிர்காலத்தில் அந்தப் புறாக்களைத் தின்ற நரிகள் நூற்றுக்கணக்கில் செத்து விழுந்தன, முதலில் ஏதோ தொற்றுநோய் என்றுதான் நினைத்தார்கள். மாங்க்ஸ் வுட்டில் வேலை பார்த்த டான் ஜெஃப்ரிஸ் என்ற விலங்கியலாளர் என்ன செய்தார் என்றால், கோதுமை விதைப்பதற்கு முன்னும் பின்னும் அந்த வயல்களில் சிற்றெலிகளைப் பொறி வைத்துப் பிடித்து, உடம்பில் எவ்வளவு டீல்ட்ரின், விதையில் கூடவே பூசியிருந்த பாதரசம் எவ்வளவு என்று அளந்தார். 1973-இல் வெளியானது அந்தக் கட்டுரை. விதைத்த கையோடு எலி உடம்பில் இரண்டும் ஏறியிருந்தன. செத்துக் கிடப்பதை எண்ணினால் மட்டும் போதாது, உயிரோடு ஓடுகிற எலியையும் அளக்க வேண்டும் என்று எனக்கு உறைத்தது அதைப் படித்தபோதுதான். நீர்நாய் குறைந்ததற்கும் டீல்ட்ரின்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று பின்னால் காலக்கணக்கு வைத்துக் காட்டியவர்களில் அவரும் ஒருவர்.

அதே நாட்டில் இப்போது செத்துக் கிடைக்கும் கூகைகளின் கல்லீரலை வருடாவருடம் சோதிக்கிறார்கள். பெரும்பாலானவற்றில் ஏதாவதோர் எலி மருந்தின் எச்சம் இருக்கிறது. அநேகமாகக் குறைந்த அளவில்தான், எல்லாக் கூகையும் அதனால் செத்தது என்று சொல்ல முடியாது. அதை அவர்களே சொல்கிறார்கள், நானும் சொல்லிவிடுகிறேன்.

ஏன் சொல்கிறேன் என்றால், போன குறுவையில் எங்கள் வாய்க்கால் கரையில் ஒரு கூகை, ஊரில் சாக்குருவி என்பார்கள், செத்துக் கிடந்தது. பக்கத்து வயலில் கேக்கு வைத்து ஒரு வாரமிருக்கும். காயமில்லை, ஒரு இறக்கை விரிந்திருந்தது, அலகோரம் காய்ந்த ரத்தம் துளியூண்டு. என் மனசு உடனே தீர்ப்பெழுதிவிட்டது. ஆனால் கல்லீரலைச் சோதிக்காமல் அது தீர்ப்பாகாது. ஓர் ஆய்வகத்தில் கேட்டேன், பறவையெல்லாம் எடுப்பதில்லை என்றார்கள். இன்னொரு இடத்தில் படிவம் ஒன்றை அனுப்பினார்கள், அதை நிரப்புவதற்குள் பறவை நாறிவிட்டது. தென்னை மரத்தடியில் புதைத்தேன். எதனால் செத்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பக்கத்து வயல் தம்பியிடம் நான் சண்டைக்குப் போகவில்லை. சாக்குருவி செத்ததற்கு டீச்சர் ஏன் மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறார் என்று அவன் அம்மா கேட்டதாகக் கேள்வி.

கிட்டியில் எனக்குப் பிடித்ததே இந்த இடம்தான். காலையில் போனால் என்ன செத்தது, எத்தனை செத்தது, எங்கே செத்தது எல்லாம் கண்ணுக்கு முன்னால் கிடக்கிறது. எடுத்துப் போட்டுவிட்டால் முடிந்தது. அதன் உடம்பிலிருந்து எதுவும் எங்கேயும் போவதில்லை. கிட்டிக்காரர் பிடித்ததில் நல்லதாகப் பார்த்து ஏழெட்டை வீட்டுக்குக் கொண்டுபோவார், சுட்டுக் குழம்பு வைக்க. எடுக்கும் முன் ஒவ்வொரு முறையும் என்னைக் கேட்பார்: "சுத்துவட்டுல யாராச்சும் கேக்கு வெச்சிருக்காங்களா டீச்சர்?" வைத்திருக்கிறார்கள் என்றால் ஒன்றையும் தொடமாட்டார். அன்றைக்கு அவருக்குக் கூலி மட்டும்தான். கேக்குப் பெட்டியில் இந்த நஷ்டத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவார்கள்?

சரி, குறைகளுக்கு வருகிறேன், நிறைய இருக்கின்றன.

மழையில் ஊறினால் மூங்கில் விறைப்பு இழக்கும். ஐப்பசியில் ஒரு வாரம் விடாமல் பெய்தபோது வில் நிமிர்ந்தும் கயிறு இறுகாமல் இரண்டு எலி காலையில் உயிரோடு கழுத்தில் சிக்கி முழித்துக்கொண்டிருந்தன. அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. தடியால் அடித்து முடித்தார், நான் திரும்பிக்கொண்டேன். நாற்பதில் இப்போது மிச்சம் 29. ஆறு ஒடிந்தது, மூன்றைக் கரையான் தின்றது, இரண்டை யாரோ நகர்த்திவிட்டார்கள், என் வயலிலிருந்து அவர்கள் வயலுக்கு. தேரையும் நண்டும் மாட்டுகின்றன. ஒருமுறை கம்புக்கோழிக் குஞ்சு ஒன்று. பகலில் பூட்டிய கிட்டியை வயலில் விட்டுவைக்கக் கூடாது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. முப்பது ஏக்கர்காரர்களுக்கு இது ஒத்துவராது. கிட்டி வைக்கத் தெரிந்தவர்கள் எங்கள் பக்கத்தில் விரல் விட்டு எண்ணும் அளவுதான், அவர்கள் பிள்ளைகள் திருப்பூரில் இருக்கிறார்கள்.

இன்னொரு குறையை நான் கண்டுபிடித்தது கிட்டியில் அல்ல, கூகையின் வாந்தியில். தென்னை மட்டையைத் தலைகீழாக நட்டு வயலில் ஆறு இடத்தில் பறவை தாங்கி வைத்திருந்தேன். கூகை எலியை முழுசாக விழுங்கி, செரிக்காத எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கிவிடும். மட்டைக்கடியிலிருந்தும் பழைய மோட்டார் கொட்டகையிலிருந்தும் இருபத்தாறு உருண்டை பொறுக்கினேன். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, இடுக்கியால் மயிரைப் பிரித்துக் கீழ்த்தாடைகளைத் தனியே எடுத்துக் காய வைத்தேன். பழைய செய்தித்தாளில் வரிசையாக அடுக்கினால் ஒன்றும் பெரிய வித்தையில்லை. எலித் தாடையில் முன்பல் ஆரஞ்சு நிறத்தில் வளைந்து நீட்டிக்கொண்டிருக்கும், பின்னால் ஒரு வெற்றிடம், அப்புறம் மூன்று கடைவாய்ப்பல். மூஞ்சூறின் தாடை அப்படியல்ல, வெள்ளை வெளேரென்று ஊசி ஊசியாக இடைவெளியில்லாமல் பல். அடுக்கி முடித்தபோது பாதிக்குமேல் சுண்டெலி! என் நாற்பது கிட்டியில் மூன்று போகத்தில் ஒரு சுண்டெலிகூட விழவில்லை. அவ்வளவு சின்ன உடம்புக்குத் தாழ் நழுவுவதில்லை; பொரியைக் கொறித்துவிட்டுப் போய்விடுகிறது. கிட்டி விட்டதைக் கூகை எடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. செத்துப்போனது அந்தக் கூகைதானா, வேறா என்று தெரியவில்லை. இந்தச் சம்பாவில் கொட்டகையில் புது உருண்டை ஏதும் இல்லை.

தாங்கி வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கதிர் பால் பிடித்ததும் பிடுங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் பகலில் அதே மட்டையில் குருவி உட்கார்ந்து நெல்லை உருவும்.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு நாலு. மழைக்கு அரை, சுண்டெலிக்கு அரை குறைத்திருக்கிறேன். வைக்கும் ஆளோடு சேர்த்து என்றால்தான் இந்த நாலு. கிட்டியை மட்டும் வாங்கிக்கொண்டுபோய் என்னைப்போலக் கருவாடு வைப்பவர்களுக்கு இரண்டுதான். வாங்கும்போது ஒவ்வொன்றையும் அங்கேயே பூட்டி, ஒரு குச்சியால் தட்டிப் பாருங்கள். குச்சியில் கயிற்றின் அச்சு பதிய வேண்டும், பதியாததைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், ஒன்றும் சொல்லமாட்டார். கணு இல்லாத பிளாச்சாகக் கேளுங்கள். விரலைப் பார்த்துக்கொள்ளுங்கள், அதிலும் என்னைப்போல ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுபவர்கள் பூட்டும் வேலையை அடுத்தவரிடம் விட்டுவிடுவது நல்லது.

அடுத்த போகத்துக்கு இன்னும் இருபது சொல்லிவைத்திருக்கிறேன். விலையை 90 ஆக்கிவிட்டார்.